பழனி டூ பூம்பாறை... பாக்கெட்டில் பஞ்சாமிர்தம்!

செமஸ்டர் லீவு விட்டாச்சு. நாலு பேர் சேர்ந்தா, ‘எங்கேயாவது சைக்கிள்ல போலாமா?’ன்னு பேச்சு கிளம்பிடும். கியர் சைக்கிள் ரெடி, ஹெல்மெட் ரெடி, கூலிங் கிளாஸும் ரெடி. சாப்பாடு? ‘வழியில பார்த்துக்கலாம் மச்சி!’ இந்த டயலாக்தான் பாதி மலையில உங்களை உட்கார வைக்கப் போகுது.

உதாரணத்துக்கு ஒரு ரூட். பழனியில கிளம்பி, பெருமாள்மலை வழியா கொடைக்கானல். ராத்திரி அங்கே தங்கிட்டு, மறுநாள் காலையில பூம்பாறை. முதல் நாள் சுமார் 65 கி.மீ., அடுத்த நாள் 20 கி.மீ.க்குள்ள. தூரம் பெருசில்ல பாஸ், உயரம்தான் பெருசு. ஏறக்குறைய 1,800 மீட்டர்! பழக்கமில்லாத கால்களுக்கு ஆறேழு மணி நேர வேலை.

தசையிலும் கல்லீரலிலும் நம்ம உடம்பு சேர்த்து வைக்கிற கிளைக்கோஜன் மொத்தமே 400-500 கிராம்தான். கலோரி கணக்குல சுமார் 2,000. ஏற்றத்துல மணிக்கு 500 கலோரி சர்வசாதாரணமா எரியும். ‘அதான் தொப்பையில கொழுப்பு இருக்கே’ங்கறீங்களா? அது ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி. அவசரத்துக்கு உடைச்சு எடுக்க முடியாது. வேகமா மிதிக்கும்போது கேட்கிற வேகத்துக்குக் கொழுப்பால சப்ளை பண்ண முடியாது.

கையிருப்பு தீர்ந்துபோறதை சைக்கிள்காரங்க ‘பாங்க்’னு சொல்வாங்க. கால் துவளும், கை நடுங்கும், குளிர்ந்த வியர்வை வரும், பக்கத்துல வர்ற நண்பன் பேசினாலே எரிச்சலா இருக்கும். 2000-ம் வருஷ டூர் டி பிரான்ஸ்ல ஆம்ஸ்ட்ராங்கே, ஜூ பிளான் மலையில சரியா சாப்பிடாம இப்படித் தள்ளாடினார். அந்த வருஷமும் ஊக்கமருந்து போட்டிருந்ததை 2013-ல அவரே ஒத்துக்கிட்டார். பட்டங்கள் அதுக்கு முன்னாடியே பறிபோயிடுச்சு. அவ்வளவு ‘கில்லாடி’க்கே சாப்பாட்டை விட்டா அந்தக் கதி!

ஏறும்போது பாங்க் அடிச்சா பரவாயில்ல, ஓரமா உட்காரலாம். இறங்கும்போது வந்தா? ஹேர்பின் வளைவு, எதிரே பஸ், விறைச்ச விரல்ல பிரேக். மூளைக்கும் சர்க்கரைதான் எரிபொருள். அது குறைஞ்சா முடிவெடுக்கிற வேகமும் குறையும். அதனால இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கட்டாயம் ஏதாவது சாப்பிடுங்க. இதை மட்டும் ஜோக்கா எடுத்துக்காதீங்க.

சரி, என்ன சாப்பிடறது? ‘எனர்ஜி ஜெல்’னு பாக்கெட்ல விக்குதே, நூறு ரூபாய்க்கு மேல? அதை நம்ம ஊர் எப்பவோ கண்டுபிடிச்சாச்சு. பழனி பஞ்சாமிர்தம்! மலைவாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, தேன், நெய், கற்கண்டு, ஏலக்காய். 2019-ல புவிசார் குறியீடே வாங்கியாச்சு. இதுல குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் ரெண்டும் இருக்கு. குடல்ல ரெண்டுக்கும் தனித்தனி வாசல். ஒரே வாசல்ல கூட்டம் முண்டியடிக்காம ரெண்டு வழியா உள்ளே போறதால, வயிறு மந்தமாகாம அதிக சக்தி கிடைக்கும். ஜெல் கம்பெனிகள் பெருமையா சொல்ற ஃபார்முலாவும் இதேதான்.

சின்ன டப்பாவுல எடுத்துக்கலாம். பிசுபிசுன்னு கையெல்லாம் ஒட்டும்னா, சப்பாத்தியில தடவிச் சுருட்டி பேப்பர்ல மடிச்சுக்கங்க. ஒரு மணி நேரத்துக்கு 30-60 கிராம் மாவுச்சத்து போதும். ஒரு நல்ல சைஸ் வாழைப்பழமும் ஒரு சின்ன கடலைமிட்டாயும் சேர்ந்தா 30 கிராம் தாண்டிடும். பசிக்கிற வரைக்கும் காத்திருக்காம, அரை மணிக்கு ஒரு தடவை கொஞ்சமா உள்ளே தள்ளுங்க. பழத்தை ஹேண்டில்பார்ல கவர்ல தொங்கவிட்டா மட்டும் உங்களுக்குக் கிடைக்காது, குரங்குக்குத்தான்.

காலையில நாலு இட்லி, சட்னி போதும். நெய் மிதக்கிற பொங்கல் வேண்டாமே, ப்ளீஸ். பரோட்டா, பிரியாணி எல்லாம் ரூமுக்குப் போனப்புறம்.

அடுத்தது தண்ணி. மலையில ஒரு சிக்கல், குளிர்ல தாகமே தெரியாது. ஆனா வியர்வை போய்க்கிட்டேதான் இருக்கும். கால் மணிக்கு ரெண்டு மடக்கு, மணிக்கு அரை லிட்டர்னு வச்சுக்கங்க. வெயில்னா கொஞ்சம் கூட்டிக்கலாம். அதுக்காக லிட்டர் லிட்டரா வெறும் தண்ணி குடிக்கறதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மராத்தான்ல ஓடின 488 பேர் ரத்தத்தைப் பரிசோதிச்சப்போ 13 சதவிகிதம் பேருக்கு சோடியம் குறைஞ்சிருந்தது. ரொம்பக் குறைஞ்சா உயிருக்கே உலை வைக்கும். அதனால ஒரு பாட்டில்ல வெறும் தண்ணி, இன்னொண்ணுல உப்பு சேர்ந்தது. எலுமிச்சை ஜூஸ்ல சர்க்கரையோட உப்பும் போட்டது ஓகே. கீழே பழனியில உப்பு போட்ட நீர்மோர் கிடைச்சா விடாதீங்க.

ஓ.ஆர்.எஸ். வாங்கறீங்களா? மெடிக்கல் ஷாப்ல பாக்கெட்ல உலக சுகாதார நிறுவன ஃபார்முலான்னு போட்டிருக்கான்னு பாருங்க. அந்த அளவுக்கு ஒத்துவராத இனிப்பு பானங்கள் பேர்ல ‘ஓ.ஆர்.எஸ்.’னு போடக்கூடாதுன்னு 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவே போட்டுச்சு. இன்னொண்ணு, நிஜ ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர்ல 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அது உப்புக்கு, சாப்பாட்டுக்கு பதிலில்ல.

கொடைக்கானல் பக்கம் 5 லிட்டருக்குக் குறைஞ்ச பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்குத் தடை இருக்கு. அதனால சொந்த பாட்டில், ரெண்டு. தங்கற இடத்துலயே நிரப்பிக்கங்க. ஓடைத் தண்ணி பளிங்கு மாதிரி தெரியும், நம்பாதீங்க. மேலே படிப்படியா தோட்டம், அதுல உரமும் மருந்தும்.

பூம்பாறை போய்ச் சேர்ந்ததும் வயலைப் பார்த்து அசந்துடுவீங்க. பூண்டு, கேரட், உருளைன்னு சரிவு முழுக்க அடுக்கடுக்கா. இங்கே குழந்தை வேலப்பர் கோயில் முருகனும் பழனி முருகன் மாதிரியே போகர் செஞ்ச நவபாஷாணச் சிலைன்னு நம்பிக்கை. பூண்டும் லேசுப்பட்டதில்ல, கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. கேரட்டைக் கடிச்சுக்கிட்டே திரும்பிடலாம்னு மட்டும் நினைக்காதீங்க. 100 கிராம் கேரட்ல மாவுச்சத்து 10 கிராம்தான். ரசம் சாதம், உருளைக்கிழங்கு பொரியல், சர்க்கரை தூக்கலா ஒரு டீ, இதுதான் பெஸ்ட்.

பூம்பாறை, கொடைக்கானலைவிடத் தாழ்வான இடம். அதாவது, திரும்பறப்போதான் ஏற்றம். டப்பாவுல கடைசி ரெண்டு ஸ்பூன் பஞ்சாமிர்தத்தை அதுக்காக மிச்சம் வைங்க. நண்பன் கேட்டா, அவன் பங்கை பழனியிலேயே வாங்கிக்கச் சொல்லிருக்கணும்!