ரீங்காரத்துக்குத் திறக்கும் பூ

அரபுக் கதையிலே அலிபாபா மந்திரச் சொல்லை உரைத்ததும் குகைக் கதவு திறந்து கொள்கிறது. ஓசைக்குக் கட்டுப்படும் கதவு கதையிலன்றி வேறெங்கும் இல்லையென நாம் எண்ணுகிறோம். ஆயினும் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில், லயன்களை அடுத்த காய்கறிப் பாத்திகளில், அத்தகைய கதவொன்று நாள்தோறும் திறக்கின்றது. கத்தரிப்பூவே அக்கதவு.

செவ்வரத்தம்பூவைத் தொட்டால் மகரந்தம் விரலில் ஒட்டும். கத்தரிப்பூவைத் தொட்டால் அவ்வாறு எளிதில் ஒட்டாது. அதன் நடுவே மஞ்சள் நிறமாக நிமிர்ந்து நிற்கும் மகரந்தப் பைகள், மூடிய குழல்களைப் போன்றவை. ஒவ்வொன்றின் நுனியிலும் சிறு துளை மட்டுமே உண்டு. உப்புக் குடுவையைக் குலுக்கினால்தான் உப்பு உதிரும். இப்பூவின் நிலையும் அதுவே.

குலுக்குவது யார்? மரத்தைத் துளைத்து வாழும் பெரிய கருவண்டு. தச்சுத் தேனீ என்பதும் இதனையே. இது பூவைக் கால்களால் பற்றிக்கொண்டு, சிறகை மடித்தபடியே, பறப்பதற்குரிய தசைகளை மட்டும் துடிக்கச் செய்கிறது. அவ்வேளை எழும் ஓசை, பறக்கும்போது எழும் ஓசையினும் கூர்மையானது. இவ்வாறு அதிரும் தேனீக்களின் அதிர்வு பெரும்பாலும் விநாடிக்கு 100 முதல் 400 வரை அமையும். மகரந்தம் புகைபோல் வெளிப்பட்டு வண்டின் மார்பிலே படிகிறது. தேன்கூடு கட்டும் தேனீக்கு இவ்வித்தை தெரியாது.

பூவுக்குச் செவியுண்டோ எனச் சிலர் வினவக்கூடும். இல்லை. கதவைத் திறப்பது காற்றில் வரும் ஓசையன்று. வண்டின் உடலிலிருந்து பூவுக்கு நேரே பாயும் அதிர்வே. பாடசாலை ஆய்கூடத்து இசைக்கவையைத் தட்டி, மலர்ந்த பூவில் மெல்லத் தொடுவித்தால், மாணவர் இதனைக் கண்ணாரக் காணலாம்.

தக்காளியும் சுண்டையும் இவ்வினத்தனவே. தேயிலை, இறப்பர் நிலங்களின் ஓரத்தில் ஊதா நிறத்தில் பூக்கும், சிங்களத்தில் போவிட்டியா எனப்படும் செடியும் அவ்வாறே. உலகில் ஏறத்தாழ 20,000 தாவர இனங்கள் அதிர்வுக்கே மகரந்தம் ஈவன. காற்றில் அசைந்தும் தக்காளியும் கத்தரியும் ஓரளவு காய்க்கும். வண்டு வந்தால் காய் பெருகும், பருக்கும். காற்றும் வண்டும் புகாத ஐரோப்பியக் கண்ணாடி வீடுகளிலே, மின்கருவியால் தக்காளிப் பூக்களை ஒவ்வொன்றாக மனிதரே அதிரச் செய்தனர். 1987 அளவில் பெல்ஜியத்தில் பெருந்தேனீக்களை வளர்த்து விற்கத் தொடங்கிய பின்னரே அவ்வேலை குறைந்தது. அங்கு விலைக்கு வாங்கும் உழைப்பு, இங்கு நமக்கு இலவசமாகக் கிடைக்கின்றது.

அதனை நாமே இழந்துவிடலாகாது. கூரை மரத்தைத் துளைக்கிறதென்று கருவண்டைக் கொல்கிறோம். பூ மலர்ந்திருக்கும் காலை வேளையில் பூச்சிநாசினி தெளிக்கிறோம். வேலியோரச் செடிகளை அடியோடு வெட்டுகிறோம். பின்பு பூ உதிர்கிறது, காய் பிடிக்கவில்லை என வருந்துகிறோம். நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு ஒரு பாத்திக் கத்தரி சிறு பொருளன்று.

ஆகவே, மருந்து தெளித்தே ஆகவேண்டுமாயின், வண்டுகள் அடங்கிய மாலையில் தெளியுங்கள். பட்டுப்போன கட்டையொன்றைத் தோட்டத்து மூலையில் விட்டுவையுங்கள். போவிட்டியாவும் எல்லையோரத்தில் பூக்கட்டும். கதவும் நம்மிடம் உண்டு. மந்திரம் அறிந்தவனும் நம் கூரையிலேயே குடியிருக்கிறான்.