களிக்கு முன்னரே வந்துவிடும் ஓமோன்

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்பிள்ளை சாமத்தியப்பட்டால் வீட்டில் முதலில் தேடப்படுவது உழுத்தம்மாவும் நல்லெண்ணெயும்தான். பனங்கட்டி கரைத்து, தேங்காய்ப்பால் விட்டு, அடிப்பிடிக்காமல் கிண்டிய களியின் மேல் எண்ணெய் மினுங்க வேண்டும். இடுப்பெலும்பு உறுதிப்படும், கர்ப்பப்பை வலுப்படும் என்பார்கள் மூத்தோர். இப்போது அதற்கு விஞ்ஞான மொழியில் ஒரு புதுக் காரணமும் சேர்ந்திருக்கிறது: எள்ளில் தாவர ஈஸ்திரோஜன் இருப்பதால் களி ஓமோனைக் கூட்டுகிறதாம். அதே காரணத்தை வைத்து, பிள்ளைகள் நேரத்தோடு பெரியபிள்ளையாவதற்கு வெந்தயமும் சோயாவும்தான் காரணம் என்று பயமுறுத்துவோரும் உண்டு. இந்தப் புகழ்ச்சியும் அச்சமும் பிள்ளையின் உடலில் இவர்கள் எவரும் அளந்து பாராத ஒன்றின் மேல்தான் நிற்கின்றன.

முதலில் கால ஒழுங்கைப் பார்ப்போம். மார்பு அரும்புவதே ஈஸ்திரோஜன் வேலை தொடங்கியதன் வெளி அடையாளம். முதல் மாதவிடாய் அதற்குப் பிறகு பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்தே வருகிறது. உயரம் மிக வேகமாகக் கூடும் காலமும் அதற்குள் கடந்துவிடும். ஆகவே களி வாய்க்கு வரும்போது ஓமோன் தன் வேலையில் பெரும்பகுதியை ஏற்கெனவே செய்திருக்கும். பிறகு எலும்பின் நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டை மூடி வளர்ச்சியை நிறுத்துவதும் ஈஸ்திரோஜன்தான், ஆண்களிலும்கூட. 1994இல் வெளிவந்த ஒரு மருத்துவ அறிக்கை இதைத் தெளிவாக்கியது. ஈஸ்திரோஜனை உணரும் ஏற்பி பழுதாகப் பிறந்த ஓர் ஆண் 28 வயதில் 204 சென்ரிமீற்றர் உயரம் இருந்தார். அவருடைய எலும்பின் வயதோ 15தான். இவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் ஓமோன் பிள்ளைப் பருவத்தில் எவ்வளவு இருக்கும்? அதே 1994இல், மனித ஏற்பியைப் பொருத்திய மதுவ நுண்ணங்கியைக் கொண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்தபோது, பருவமடையாத பெண்பிள்ளைகளில் ஒரு மில்லிலீற்றருக்குச் சராசரி 0.6 பிக்கோகிராம், ஆண்பிள்ளைகளில் 0.08 பிக்கோகிராம் கிடைத்தது. 50 ஹெக்ரெயர் பரப்பும் இரண்டு மீற்றர் ஆழமும் உள்ள ஒரு குளத்தில் ஒரு கிராமைக் கரைத்தால் ஒரு மில்லிலீற்றருக்கு ஒரு பிக்கோகிராம் வரும். வளர்ந்த பெண்களுக்கென அமைந்த வழக்கமான இரத்தப் பரிசோதனைகள் பல, 10 பிக்கோகிராமுக்குக் கீழே நம்பகமாக எதையும் சொல்லமாட்டா. எட்டு வயதுப் பிள்ளையின் அறிக்கையில் "குறைவு" என்று இருப்பதைப் பார்த்து ஓமோன் கூட்ட மருந்து தேடுவது அதனால்தான் பிழை.

தாவரப் பொருள் ஈஸ்திரோஜனாகவே இருக்கத் தேவையில்லையே, ஏற்பியைத் தூண்டினால் போதாதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. எள்ளில் உள்ள லிக்னன் எனும் தாவரப் பொருள்கள் குடல் பற்றீரியாவால் மாற்றமடைந்து, வலுக்குறைந்த ஈஸ்திரோஜன் போல நடக்கக்கூடிய பொருள்களாகின்றன. 1997இல் வெளியான ஓர் ஆய்வு, சோயாப் பால்மா குடித்த கைக்குழந்தைகளின் இரத்தத்தில் சோயாவின் ஐசோபிளேவோன்கள், அந்த வயதின் இயற்கை ஈஸ்திரோஜனைவிட 13,000 முதல் 22,000 மடங்கு இருப்பதாகக் காட்டியது. எங்கள் கிளினிக்குகளில் கொடுக்கும் திரிபோஷா என்ற சத்துமாவிலும் சோயா இருப்பதை நினைத்து ஒரு தாய் திடுக்கிடலாம். ஆனால் அளவு வேறு, விளைவு வேறு. கைக்குழந்தையாக இருந்தபோது சோயாப் பால்மா குடித்தவர்களையும் பசுப்பால்மா குடித்தவர்களையும் வளர்ந்தபின் ஒப்பிட்ட 2001ஆம் ஆண்டு ஆய்வில், பருவமடைதலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. எடை குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷாவை நிறுத்துவது நிச்சயமான தீங்கு. களியும் அப்படித்தான்: புரதமும் கொழுப்பும் நிறைந்த நல்ல உணவு என்பதே அதற்குப் போதுமான பெருமை, ஓமோன் பட்டம் அதற்குத் தேவையில்லை.

பரம்பரை அனுபவத்துக்கு ஆய்வுகூடச் சான்று எதற்கு என்போருக்கும் ஒரு பதில் உண்டு. உணவாகத் தலைமுறைகள் உண்டது ஒன்று. அதைக் காய்ச்சி வடித்து மாத்திரையாக்கி, பிள்ளை உயரவும் பருவமடையவும் என்று விற்பது வேறொன்று. பின்னதற்கு அனுபவச் சான்று கிடையாது. பிள்ளை வளர்கிறதா என்பதை உடலே காட்டும்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுவரோடு நிறுத்தி எடுத்த உயரம், மார்பு வளர்ச்சியின் படிநிலை, தேவைப்பட்டால் இடது கையின் எக்ஸ்றேயில் தெரியும் எலும்பு வயது. பெண்பிள்ளைக்கு எட்டு வயதுக்கு முன்னரோ ஆண்பிள்ளைக்கு ஒன்பதுக்கு முன்னரோ பருவ அடையாளம் தெரிந்தால், வெந்தயத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். களியையும் மூலிகைகளையும் பொறுத்தவரை, 1994இல் பயன்பட்ட அந்த மதுவ முறை இரத்தத்தில் உள்ள மொத்த ஈஸ்திரோஜன் விளைவையே அளப்பது. களி உண்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த மாதிரிகளில் அதைச் செய்து பார்க்கலாம். கைதடியில் சித்த மருத்துவமும் யாழ்ப்பாணத்தில் நவீன மருத்துவமும் கற்பிப்பது ஒரே பல்கலைக்கழகம்தான். இந்தக் கேள்வியை இரு தரப்பும் சேர்ந்து எடுக்க வேண்டும்.