கசிவு எப்போது நிற்கும்? ஒரு மண்டிக்காரனின் கணக்கு

இந்த இதழில் இதுவரை மிளகு விலை, காப்பி விலை பற்றித்தான் எழுதி வந்தேன். இம்முறை, நம்மில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு விஷயம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், என் 64-ஆம் வயதில், புற்றுநோய்க்காகப் புராஸ்டேட் சுரப்பியை முழுவதும் எடுத்தார்கள். சிறுநீர் டியூபை இரண்டாம் வாரம் உருவினார்கள். அன்றே கசிவு தொடங்கிவிட்டது. கல்லாவிலிருந்து எழுந்தால் கசியும், இருமினால் கசியும். காரவள்ளிக்கு இறங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்தாலே நடுக்கம். மூன்று மாதம் சோளக்காட்டுச் சந்தைக்கு மகனை அனுப்பிவிட்டு, கேட்டவர்களிடம் முதுகுவலி என்று பொய் சொன்னேன்.

வயதானால் வரும் சாதாரண வீக்கத்துக்குக் குழாய் வழியே சுரண்டி எடுக்கும் ஆபரேஷன் வேறு. அதில் நீடித்த கசிவு அபூர்வம். சுரப்பியை அடியோடு எடுப்பதில்தான் இந்தத் தொல்லை அதிகம்.

"எந்தத் தேதியில் நிற்கும்?" என்று டாக்டரைக் கேட்டேன். "தேதி சொல்ல முடியாது, மதிப்புப் போடலாம்" என்றார். அது நமக்குத் தெரிந்த வேலைதானே! சில்வர் ஓக் மரத்தில் நிற்கும் மிளகுக் கொடியைப் பார்த்து, பச்சையில் 100 கிலோ தேறும், காய்ந்தால் 33 கிலோ நிற்கும் என்கிறோம். கொடியின் வயது, சரத்தின் நெருக்கம், மழை என்று எல்லாம் பார்த்துத்தான் சொல்கிறோம்.

அவர்கள் பார்ப்பதும் அப்படியே. வயது குறைவென்றால் நல்லது. தொந்தி பெருத்திருந்தால் தாமதம். ஆபரேஷனுக்கு முன்பே கசிவு இருந்ததா, அங்கே கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்ததா என்று கேட்பார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், சுரப்பிக்குக் கீழே இறுக்கும் தசை சூழ்ந்த சிறுநீர்க் குழாயின் நீளத்தை அளப்பார்கள். சில மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தாலே கட்டுப்பாடு சீக்கிரம் திரும்ப வாய்ப்பு அதிகமாம். பக்கத்து நரம்புகளைக் காப்பாற்ற முடிந்ததா என்பதும் ஒரு கணக்கு. அந்த நரம்புகளை விட்டுவைத்துச் செய்யும் முறையை 1982-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பேட்ரிக் வால்ஷ் தொடங்கினார். இதையெல்லாம் ஆபரேஷனுக்கு முன்பே நான் கேட்டிருக்க வேண்டும். வெட்கத்தில் கேட்கவில்லை.

எனக்கு மிகவும் உதவியது தராசு! காய்ந்த பேடை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் நனைந்த பேடுகளையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் சேர்த்து நிறுத்து, காய்ந்த எடையைக் கழியுங்கள். ஒரு கிராம் என்பது ஏறக்குறைய ஒரு மில்லி. டியூப் எடுத்த சில நாளிலேயே இந்த எடை குறைவாக இருந்தால் சீக்கிரம் சரியாகும் என்று எதிர்பார்க்கலாம். எனக்கு முதல் வாரம் 410 கிராம். முதல் மாத முடிவில் 230. மூன்றாம் மாதம் 60. சிட்டையில் எழுதியதால்தான் குறைவது கண்ணுக்குத் தெரிந்தது. இல்லாவிட்டால் மனம் உடைந்திருப்பேன். முதலில் இரவில் நின்றது, பிறகு காலையில். மாலையில், தசை களைத்த நேரத்தில்தான் கடைசி வரை படுத்தியது.

பயிற்சி உண்டு. காற்றை அடக்குவதுபோல அடித்தசையை ஐந்து விநாடி இறுக்கி, ஐந்து விநாடி தளர்த்த வேண்டும். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. பிரசவித்த பெண்களுக்காக 1948-இல் ஆர்னால்ட் கெகல் என்ற டாக்டர் எழுதிய பயிற்சி இது. ஆபரேஷனுக்கு முன்பே பழகுவது மேல். டியூப் இருக்கும்போது கூடாது. எழும் முன்னும் தும்மும் முன்னும் இறுக்கிக்கொள்ளுங்கள். டாக்டர் அனுமதிக்கும்வரை மூட்டை தூக்காதீர்கள். கசிகிறதே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள், காப்பியைக் குறைக்கலாம். காப்பிக்கொட்டை விற்கிறவன் இதைச் சொல்வது வேடிக்கைதான்.

பெரும்பாலோருக்கு மூன்று முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் சரியாகிறது. எனக்குத் தெரிந்த ஒரு பலசரக்குக்காரருக்கு ஓராண்டு கழிந்தும் நிற்கவில்லை. ஓராண்டுக்குப் பின் தானாகத் திருந்துவது குறைவு என்பதால், குழாயைச் சுற்றிப் பொருத்தும் செயற்கைச் சுருக்குத் தசை பற்றி டாக்டரிடம் பேசி வருகிறார். அப்படி ஒரு வழி இருப்பதே அவருக்கு அதுவரை தெரியாது.

ஆறாம் மாதம் சந்தைக்கு இறங்கினேன். பையில் ஒரு பேடு இருந்தது, தேவைப்படவில்லை. சத்தமாகச் சிரித்தால் மட்டும் இன்றும் ஒரு சொட்டு உண்டு.