பூக்காத ஃபோர்சித்தியா... கத்தரிதான் காரணமா?

குளிர்காலம் முடியும் நேரம், ஓர் இலைகூடத் துளிர்க்காத கிளைகளில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் புதர்ச்செடி ஃபோர்சித்தியா. கொரியாவில் இதன் பெயர் கேநாரி. சியோல் நகரின் அடையாள மலரும் இதுதான்.

குளிர்நாட்டுத் தோட்டங்களில் இதை வளர்ப்பது எளிது. தினமும் 6 மணி நேர வெயில், தண்ணீர் தேங்காத மண் இருந்தால் போதும். ஆனாலும், 'செடி நல்லா இருக்கு, பூவைத்தான் காணோம்' என்று புலம்புவோர் உண்டு.

பெரும்பாலும் காரணம், தவறான நேரத்தில் வெட்டுவதுதான். அடுத்த வசந்தத்துக்கான மொட்டுகள் முந்தைய கோடையிலேயே கிளைகளில் உருவாகிவிடும். இலையுதிர் காலத்தில் வெட்டினால் மொட்டுகளும் சேர்ந்தே போய்விடும்.

எனவே, பூ உதிர்ந்த உடனே வெட்டுங்கள். முதிர்ந்த தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் அடியோடு நீக்குங்கள். புதுக்கிளைகள் கிளம்பும், பூக்களும் திரும்பி வரும்!