முதியோர் இல்லம் நிறுவ விழைவோர்க்கு

எம் கல்லூரியிற் பயின்றோர் பலர் கடல் கடந்து வாழ்கின்றனர்; அவர்தம் பெற்றோரோ ஊரில் தனித்துள்ளனர். ஆதலின் முதியோர் இல்லம் நிறுவ விழையும் பழைய மாணவர்க்குச் சில கூறுவாம்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 60 வயதடைந்தோரை முதியோர் எனக் கொள்கின்றது. அவர்க்குச் சேவை புரியும் நிலையங்கள் பதிவு பெறல் வேண்டும் எனவும் விதிக்கின்றது. பதிவு பெறுதல் தொடக்கமே, நடத்துதலே அரிது. வழுக்காத தரை, கைப்பிடி, மருந்துக் குறிப்பேடு என்பன இன்றியமையாதன. இவற்றினும் முதன்மையானோர் பணியாளர். இரவில் விழித்திருப்பார் இலரேல் இல்லமிருந்தும் பயனில்லை. நன்கொடை விழாக்காலத்து வரும். உணவுச் செலவோ நாடோறும் வரும். எனவே சில மாதச் செலவைக் கையிருப்பாக வைத்தே தொடங்குக.

பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடனென அச்சட்டமே கூறுகின்றது. இல்லம் அக்கடனிற் பங்குகொள்ளுமேயன்றி அதனைத் தீர்த்துவிடாது என்பதை நாம் மறவாதிருப்போமாக.