பழைய டிராக்டர் ஒரு நல்ல வகுப்பறை

பழைய கார்களைச் சேகரிப்பவர்களைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். பழைய டிராக்டர்களைத் தேடி வாங்கி, பழுதுபார்த்து, ஓடும் நிலையில் வைத்திருப்பவர்களும் உண்டு. இயந்திரப் பொறியியல் படிக்க இங்கிலாந்தின் கவென்ட்ரி நகருக்குப் போன பிறகுதான் எனக்கு இது தெரிய வந்தது. பொறியியல், தொழிற்கல்வி பயிலும் மாணவர்களுக்கு அந்தப் பழைய இரும்பில் என்ன பாடம் இருக்கிறது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

கவென்ட்ரி என்றால் டிராக்டர் பிரியர்களுக்கு நினைவு வருவது ஃபெர்குசன் டி.இ.20. சிறிய உருவம், சாம்பல் நிறம். போர்க்காலத்தில் விமான எஞ்சின்கள் செய்த பேனர் லேன் தொழிற்சாலையில், 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட டி.இ.20 டிராக்டர்கள் தயாராயின. 1958 ஜனவரியில் எட்மண்ட் ஹில்லரி குழுவினர் தென் துருவத்தை அடைந்ததும் ஃபெர்குசன் டிராக்டர்களில்தான். பேனர் லேனில் டிராக்டர் உற்பத்தி 2002இல் நின்றுவிட்டது. அங்கே பிறந்த டிராக்டர்கள் பல இன்னும் ஓடுகின்றன.

இதை உருவாக்கிய ஹாரி ஃபெர்குசன் அயர்லாந்தில் 1884இல் பிறந்தவர். 1909இல் தாமே கட்டிய விமானத்தை ஓட்டியவர். முதல் உலகப் போரின்போது அயர்லாந்தில் டிராக்டர்களின் பயன்பாட்டை மேற்பார்வையிடும் பணி அவருக்குக் கிடைத்தது. அன்றைய டிராக்டர்கள் கலப்பையைப் பின்னால் மாட்டி, வண்டியை இழுப்பதுபோல் இழுத்தன. கலப்பை பாறையில் சிக்கினால் டிராக்டரின் முன்பகுதி மேலே எழும்பி, ஓட்டுநர் மீதே கவிழும் ஆபத்து இருந்தது.

ஃபெர்குசன் கண்ட தீர்வு, மூன்று புள்ளி இணைப்பு. கீழே இரண்டு கைகள் கலப்பையை இழுக்கும். மேலே ஒரு தண்டு இருக்கும். உழும்போது மண் கலப்பையின் அடிப்பகுதியைப் பின்னுக்குத் தள்ளுவதால், அதன் மேல்பகுதி முன்னால் சாயப் பார்க்கும். அந்த விசை மேல் தண்டு வழியாக டிராக்டருக்கு வந்து, முன்சக்கரங்களைத் தரையோடு அழுத்தும். அதே விசை ஒரு சுருள்வில்லை அழுத்தி ஹைட்ராலிக் வால்வையும் இயக்கும். மண் இறுகினால் கலப்பை தானாகச் சற்று உயரும். கணினி கிடையாது, சென்சார் கிடையாது. இன்று சிகிஞ்சானிலோ கெடாவிலோ வயலில் நிற்கும் டிராக்டரின் பின்புறத்தைப் பாருங்கள். அதே மூன்று புள்ளிகள் இருக்கும்.

வார இறுதிகளில், ஓய்வுபெற்ற விவசாயி ஒருவரின் கொட்டகையில் எடுபிடி வேலை செய்தேன். அவரிடம் நான்கு ஃபெர்குசன்கள் இருந்தன. அவர் முதலில் சொல்லிக்கொடுத்தது, கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் முறை. கட்டைவிரலால் கைப்பிடியை வளைத்துப் பிடிக்கக் கூடாது. மற்ற நான்கு விரல்கள் இருக்கும் பக்கமே அதுவும் இருக்க வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் விரல் முறியாமல் தப்பும். சாவிக்கொத்தில் சாவியைத் திருப்பி வண்டி ஓட்டிப் பழகிய எனக்கு, பாதுகாப்பு என்பதே உடம்பில் பதிய வேண்டிய பழக்கம் என்று அன்று புரிந்தது.

ஸ்டார்ட்டர் மோட்டாரால் கிளப்பினாலும் ஒரு நுட்பம் உண்டு. கியர் தண்டை 'எஸ்' என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் மோட்டார் சுழலும். கியரில் இருக்கும்போது எஞ்சினைக் கிளப்பவே முடியாது. வண்டி திடீரென்று பாய்ந்து ஆளை மோதாமல் இருக்க, தனிக் கருவி எதுவும் இல்லாமல் செய்த ஏற்பாடு இது.

எஞ்சின் கிளம்பவில்லை என்றால் அவர் உடனே எந்தப் பாகத்தையும் மாற்றமாட்டார். பெட்ரோல் வருகிறதா? பிளக்கில் பொறி அடிக்கிறதா? சிலிண்டரில் அழுத்தம் இருக்கிறதா? ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கியர், பின் அச்சு, ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். அது பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். குளிர்காலத்தில் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் அது உறைந்து விரிந்து எஞ்சின் இரும்பையே பிளந்துவிடும். வெப்பநாட்டுப் பிள்ளையான நான் புத்தகத்தில் மட்டும் படித்திருந்த அந்த இயற்பியலை, அவர் காட்டிய ஒரு விரிசலில் கண்ணால் பார்த்தேன்.

சேகரிப்பாளர்களிடையே ஓயாத ஒரு வாதம் உண்டு: பழைய டிராக்டருக்குப் புதுச் சாயம் பூசலாமா? பளபளக்கும் வண்டியைக் காட்சியில் வைப்பது சிலருக்குப் பெருமை. அந்த விவசாயியோ ஒரு டிராக்டருக்கு மட்டும் கடைசிவரை சாயம் பூச மறுத்தார். யாரோ ஒருவர் பல ஆண்டுகள் மிதித்ததில் அதன் கால்மிதி ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. பூசி மறைத்தால் அந்த மனிதரின் உழைப்பும் மறைந்துவிடும் என்பது அவர் கட்சி. என் கருத்தும் அதுவே. ஓடுவதற்குத் தேவையானதை மாற்றலாம். வரலாறு சொல்வதை விட்டுவைக்க வேண்டும். கழற்றிய பாகத்தில் சீட்டு ஒட்டிப் பத்திரப்படுத்த வேண்டும்.

இன்னொரு கவலையும் உண்டு. லட்சக்கணக்கில் தயாரான வண்டி என்பதால் உதிரி பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஃபெர்குசன் வழிவந்த மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களைச் சென்னையிலேயே 1960களில் டாஃபே நிறுவனம் தயாரிக்கத் தொடங்கியது. பாகம் கிடைக்கும். ஆனால் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே குறையைச் சொல்லும் காது கடையில் கிடைக்காது. நான் பார்த்த சேகரிப்பாளர்களில் பலர் முதியவர்கள். அந்த விவசாயியின் பிள்ளைகள் நகரத்தில் வேறு வேலையில் இருந்தனர். தாம் போன பிறகு நான்கும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இருந்தது. அதனால் ஒவ்வொரு டிராக்டருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: எந்தச் சத்தம் எதனால், எந்த மரை எதிர்ப்பக்கம் திரும்பும், எது எப்போது மாற்றப்பட்டது.

மாணவர்களே, இதற்கு இங்கிலாந்து போக வேண்டியதில்லை. உங்கள் தாத்தாவோ பக்கத்து வீட்டு மாமாவோ தோட்டத்துப் பட்டறையிலோ ஆலையிலோ இயந்திரங்களோடு காலம் கழித்தவராக இருக்கலாம். அடுத்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அவர் பக்கத்தில் உட்காருங்கள். "சத்தத்தை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே எழுதி வையுங்கள்.