'னவா'வை வெட்டினால் லியமி

பதுளையிலிருந்து பசறைக்குப் போகிற பஸ்ஸில் நம் தோட்டத்துப் பிள்ளைகள் பேசுகிற சிங்களத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதே பிள்ளை இரண்டாம் மொழிப் பரீட்சையில் 'மம லியனவா' என்று எழுதிப் புள்ளியை இழக்கும். பேச்சில் சரி, எழுத்தில் பிழை.

பேச்சுச் சிங்களத்தில் நிகழ்கால வினை ஆளுக்கு ஆள் மாறாது. மம, அபி, எயா, யார் எழுதினாலும் லியனவாதான். எழுத்துச் சிங்களம் தமிழைப் போல. எழுதுகிறேன், எழுதுகிறோம் என்று நாம் வினையின் கடைசியில் ஆளைச் சேர்க்கிறோமே, அதுவேதான் அங்கேயும். நமக்கு இது வீட்டுப் பழக்கம், பயப்பட ஒன்றுமில்லை.

முதலில் லியனவாவில் 'னவா'வை வெட்டுங்கள். மிஞ்சுவது லிய. நான் என்றால் மி சேரும்: மம லியமி. நாங்கள் என்றால் மு: அபி லியமு. அவன், அவள் இருவருக்கும் யி: லியயி. பலர் என்றால் தி: ஒவுஹு லியதி. முன்னிலைக்கு லியஹி, லியஹு என்று இலக்கணத்தில் உண்டு, கடிதத்தில் அபூர்வம்.

இந்தத் 'தி'யில் கொஞ்சம் நில்லுங்கள். 'திண்ணை'யின் தி வேறு, 'நதி'யின் தி வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. சிங்களத்தில் தனித்தனி எழுத்து. லியதிக்குத் திண்ணையின் தி வேண்டும். நதியை நினைத்துச் சொல்லிப் பழகிய பிள்ளை தாளிலும் மற்ற எழுத்தையே போடும். என்னிடம் வந்த கொப்பிகளில் அதிகம் திருத்தியது இதைத்தான்.

கொழுந்து பறிப்பது 'தளு கடனவா'. அதையும் இப்படியே வெட்டுங்கள்: கடமி, கடமு, கடயி, கடதி. உயிரில்லாதவை எத்தனை இருந்தாலும் ஒருமை வினைதான். கங்கா என்றால் ஆறுகள். ஆனாலும் 'கங்கா கலயி'. நாமும் 'ஆறெல்லாம் ஓடுது' என்றுதானே பேசுகிறோம்?

அடுத்து இல்லனவா. காதுக்கு நம்முடைய 'இல்லை' மாதிரி இருக்கும்; பொருளோ கேட்பது. மனுக்களின் கடைசி வரியில் வருகிற 'இல்லா சிட்டிமி' இதிலிருந்து வந்ததுதான். இல்லா என்பது 'கேட்டு' என்கிற எச்சம். சிட்டினவாவில் 'னவா' போனால் சிட்டி, அதோடு மி. கேட்டு நிற்கிறேன் என்று வைத்துக்கொள்ளலாம். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. தமிழில் எழுதிக் கொடுப்பது நம் உரிமை. ஆனாலும் சிங்களம் மட்டும் தெரிந்த அதிகாரியின் மேசைக்குப் போகிற கடிதத்தைப் பிறர் கையால் எழுதி வாங்குகிற நிலை நம் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

லயத்தில் தண்ணீர்க் குழாய் வேண்டுமென்று ஒரு வீட்டுக்காரர் எழுதினால் சிட்டிமி. பத்து வீட்டாரும் சேர்ந்து கையெழுத்து வைத்தால் சிட்டிமு.